மேட்டுப்பாத்தியும் தாழ்ந்த பாத்தியும்: கரம்பொன் தோட்டங்கள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

யாழ்ப்பாணத்து வேளாண்மை வரலாற்றை எழுத முற்பட்டோர் பெரும்பாலும் நெல்லையும் புகையிலையையும் பனையையுமே எழுதினர். பயிர் நின்ற மண்ணை அவர்கள் நில அளவையாளரின் கண்கொண்டே நோக்கினர். இத்தனை பரப்பு, இன்னாருக்கு உரித்து, இன்ன வருமானம் என்ற அளவில் அவர்தம் கவனம் நின்றுவிட்டது. அம்மண் எவ்வாறு வெட்டப்பட்டது, எவ்விடத்தில் உயர்த்தப்பட்டது, எவ்விடத்தில் தாழ்த்தப்பட்டது, அவ்வேலையைச் செய்தவர் யாவர் என்னும் வினாக்கள் ஆராய்ச்சிக்குரியனவாகக் கருதப்படவில்லை. பாத்தியின் உயரமும் ஒரு வரலாற்றுப் பிரச்சினையாகுமா எனச் சிரிப்போர் இருக்கலாம். ஆகும் என்பதே இக்கட்டுரையாளரின் துணிபு.

இவ்வினா பழமை பேசுவோருக்கு மட்டும் உரிய ஒன்றன்று. 2021 மே மாதத்தில் அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்தது. அதே ஆண்டு நவம்பரில் அத்தடையைக் கைவிட்டது. அடுத்த ஆண்டு அந்நியச் செலாவணி நெருக்கடி முற்றியபோது, 2022 ஜூனில், அரச ஊழியர் வீட்டுத்தோட்டம் செய்வதற்கென வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை வழங்கத் தீர்மானிக்கப்பட்டது. அக்காலந்தொட்டு வீட்டுத்தோட்ட அறிவுரைகள் பெருகின. சீமெந்துக் கற்களை அடுக்கி, நடுவே மண்ணும் எருவும் நிரப்பி, நிலத்துக்கு மேலே ஓரடி ஒன்றரையடி உயரத்தில் அமைக்கும் மேட்டுப்பாத்தி அவ்வறிவுரைகளுட் சிறப்பிடம் பெற்றது. நீர் தேங்காது, மண் இறுகாது, களை குறையும், முதியோர் குனிந்து வருந்த வேண்டியதில்லை என்பன அதற்குக் கூறப்படும் சிறப்புகள். அவை பொய்யல்ல. ஆயின் தீவகத்துத் தோட்டக்காரர் தலைமுறை தலைமுறையாகக் கோடைப் பயிரை நிலத்தோடு நிலமாக, வரம்பு கட்டிய தாழ்ந்த பாத்தியிலேயே வைத்து வந்துள்ளனர். அவர்கள் மேட்டுப்பாத்தியை அறியாதவரல்லர். அறிந்தும் கோடையில் அதனை விலக்கினர். ஏன் விலக்கினர் என்பதற்குரிய விடையில் ஒரு பாதி மண்ணடி நீரிலும், மறுபாதி அந்நீரும் நிலமும் யாருடைய கையில் இருந்தன என்பதிலும் கிடக்கின்றது.

முதலிற் சொல்லை நோக்குவோம். பாத்தி என்பது பகுத்தல் என்னும் பொருளுடைய வினையடியிற் பிறந்தது. பாத்தல் என்றாலே பங்கிடுதல்தான். ஆகவே பாத்தி என்ற சொல்லில் உயரமோ பள்ளமோ இல்லை. பிரிவு மட்டுமே உண்டு. நீரைப் பங்கிடுவதற்காக வகுக்கப்பட்ட நிலத்துண்டு என்பதே அதன் கருத்து. கரும்பு நட்ட பாத்தி ஐங்குறுநூற்றிலே வருகின்றது. உப்பு விளைக்கும் இடத்துக்கும் இன்றுவரை பாத்தி என்ற பெயரே வழங்குகின்றது. பயிருக்கும் உப்புக்கும் ஒரே சொல் அமைந்தது தற்செயலன்று. இரண்டிலும் நிலம் சிறு வரம்புகளாற் பிரிக்கப்படுகின்றது. இரண்டிலும் நீர் ஒரு பக்கத்தால் விடப்பட்டு உள்ளே நிறுத்தப்படுகின்றது. உவர்நீரை விட்டு வெயிலிற் காயவிட்டால் தோட்டப்பாத்தி உப்புப்பாத்தியாக மாறிவிடும் என்பதைத் தீவகத்து உழவனுக்கு எவரும் நூலெழுதி உணர்த்த வேண்டியதில்லை. ஔவையார் அரசனை வாழ்த்தியபோது வரப்பையே முதலில் எடுத்தார் என்னும் கர்ணபரம்பரைக் கதையையும் இங்கு நினைவுகூரலாம். அங்கே உயரவேண்டியது வரப்பு. பயிர் நிற்கும் தளம் அன்று.

கரம்பொன் ஊர்காவற்றுறையை அடுத்துள்ள ஊர். சுருவில், நாரந்தனை, புளியங்கூடல், சரவணை, வேலணை ஆகியனவும் அதே தீவிலுள்ளவை. ஒல்லாந்தர் இத்தீவுக்கு லெய்டன் என்று தம் நாட்டு நகரொன்றின் பெயரை இட்டனர். நெடுந்தீவுக்கு டெல்ஃப்ட், அனலைதீவுக்கு றொட்டர்டாம் என்றவாறு ஏனைய தீவுகளுக்கும் பெயர்கள் சூட்டினர். கரம்பு என்பது உழப்படாது கிடக்கும் நிலத்துக்குப் பெயர். ஊரார் வழக்கிற் கரம்பன் எனவும் வழங்கும் இவ்வூர்ப்பெயருக்கும் அச்சொல்லுக்கும் உறவுண்டு என நிறுவுவது இங்கு நோக்கமன்று. ஊர்ப்பெயர் ஆராய்ச்சியில் ஒலியொப்புமையை மட்டும் நம்பிச் சென்றோர் பலர் சேற்றில் விழுந்திருக்கின்றனர். தனிநாயகம் அடிகளார் 1913 இல் இவ்வூரிற் பிறந்தார் என்பது தமிழ் மாணவர் அறிந்ததே. பழந்தமிழ்க் கவிதையில் இயற்கை பெறும் இடத்தை ஆங்கிலம் அறிந்த உலகுக்கு எடுத்துரைத்தவர் அவர். எனினும் அவர் பிறந்த ஊரின் தோட்டம் ஐந்திணைப் பகுப்புள் எளிதில் அடங்குவதன்று. கடல் சூழ்ந்ததால் அது நெய்தல் எனலாம். ஆனால் அங்கு நீர் பாய்ச்சி உழவு நடைபெறுகின்றது. மருதம் எனலாம், ஆனால் ஆறும் இல்லை, அகன்ற வயலும் இல்லை. கிணற்றை நம்பிய சுண்ணக்கல் நிலத்துக்குத் திணை வகுப்பார் அக்காலத்தில் இருந்திலர்.

யாழ்ப்பாணக் குடாநாடும் தீவகமும் மயோசீன் காலச் சுண்ணக்கல்லின் மேல் அமைந்தவை. ஆண்டு மழை ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர். அதிற் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரையுள்ள மூன்று மாதங்களிற் பெய்து முடிகின்றது. பெய்த நீர் கல்லின் வெடிப்புகள் வழியே கீழிறங்கி, அங்கே ஏற்கெனவே நிற்கும் உவர்நீரின் மேல் மிதந்து நிற்கின்றது. நன்னீர் உவர்நீரிலும் இலேசானது என்பதே இதற்குக் காரணம். கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால் அதன்கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் உண்டு என்றும், மேல்மட்டம் 1 அடி தாழ்ந்தால் கீழிருந்து உவர் 40 அடி உயர முற்படும் என்றும் கணக்கிட்டவர்கள் 1888 இல் ஒல்லாந்துப் பொறியியலாளரான பாடோன் கிபென் என்பவரும், 1901 இல் ஜெர்மனியரான ஹெர்ட்ஸ்பேர்க் என்பவரும் ஆவர். லெய்டன் என்று பெயரிட்ட நாட்டவரே அத்தீவின் கிணற்றுக்குரிய சூத்திரத்தையும் பின்னர் கண்டறிந்தனர் என்பது வரலாற்றின் சிறு குறும்பு. அகலங் குறைந்த தீவுகளில் இந்நன்னீர்ப் படலம் மெல்லியது. வலிகாமத்துச் செம்பாட்டு மண்ணைப் போல ஆழ்ந்த மண்ணும் தீவகத்திற் பொதுவாக இல்லை; மணலும் சாம்பல்நிறச் சுண்ணமண்ணும் கல்லின் மேல் மெல்லிய போர்வையாகவே கிடக்கின்றன. மேட்டுப்பாத்திக்கு மண் வேண்டும். இங்கு அருமையானதும் அம்மண்ணே.

இத்தகைய நிலத்தில் ஆண்டு இரண்டாகப் பிளவுபடுகின்றது. மாரியில் நீர் மிகை. கோடையில் நீர் இல்லை. மாரியில் வேர் அழுகாதிருக்கப் பயிரை உயர்த்த வேண்டும். கோடையில் வேர் காயாதிருக்கப் பயிரைத் தாழ்த்த வேண்டும். இவ்விரண்டையும் ஒரே பயிரின் வாழ்வில் இணைத்ததே தோட்டக்காரரின் திறன். புகையிலை, மிளகாய், கத்தரி ஆகியவற்றின் விதையை மாரி தொடங்கும் காலத்தில் உயர்த்திய நாற்றுமேடையில் இட்டனர்; மழைத்துளி சிதைக்காதவாறு மேலே ஓலை மறைத்தனர். மழை ஓயும் தறுவாயில் அந்நாற்றைப் பிடுங்கித் தறையிலே தாழ்ந்த பாத்திகளில் நட்டனர். அதாவது, செடி மேட்டிற் பிறந்து பள்ளத்தில் வளர்ந்தது. இராசவள்ளி, மரவள்ளி போன்ற கிழங்குவகைக்கு மண்ணைக் கூட்டி அணைப்பதும் உண்டு. ஆகையால் மேடா பள்ளமா என்று இன்று கேட்கப்படும் கேள்வி, எம்மாதத்தில், எப்பயிருக்கு என்ற கேள்வியாக மாறினாலன்றி இங்கு பொருள் பெறாது. ஆண்டு முழுவதும் ஒரே உயரத்தில் நிற்கும் கற்கட்டுப் பாத்தி இந்நாட்காட்டியை அறியாத ஒன்று.

துலாவைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறுதல் வேண்டும். பாத்தியின் உயரத்தைத் தீர்மானித்ததில் அதற்கு முதன்மையான பங்குண்டு. கிணற்றருகே ஆடுகால் நட்டு, அதன்மேல் நீண்ட மரத்தை ஏற்றி, அதன் நுனியிற் கொடியும் பனையோலைப் பட்டையும் கட்டினர். ஒருவரோ இருவரோ துலாவின் மேல் முன்னும் பின்னும் நடந்து மிதித்தனர்; ஒருவர் கிணற்றடியில் நின்று பட்டையைத் தாழ்த்தி, நிறைந்து மேலெழுந்ததும் கவிழ்த்தார்; இன்னொருவர் மண்வெட்டியோடு தறையில் நின்று வாய்க்காலை வெட்டியும் அடைத்தும் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறினார். விடியற்காலையில் தொடங்கி வெயில் ஏறுமுன் முடிக்க வேண்டிய வேலை அது. துலா மிதித்து விழுந்து ஊனமுற்றோர் பற்றி முதியோர் கூறக் கேட்டிருக்கின்றோம். எழுத்தில் அவை அரிது. ஒரு பட்டைத் தண்ணீர் மூன்று பேரின் உழைப்பு. அவ்வாறு மேலேறிய நீர் தானாகவே ஓடிப் பாத்தியை அடைய வேண்டுமாயின் கிணற்றடி உயர்ந்திருக்க வேண்டும். வாய்க்கால் அதனிற் சற்றே தாழ்ந்து, ஆயினும் தறையினும் உயர்ந்து செல்ல வேண்டும். பாத்தி எல்லாவற்றிலும் தாழ்ந்திருக்க வேண்டும். யாழ்ப்பாணத் தோட்டத்தில் மண்ணைக் கூட்டி உயர்த்தியது வாய்க்காலுக்காகவே. பாத்தியை உயர்த்தினால் நீர் இடையிலுள்ள சாலிலே நின்று, பக்கவாட்டில் ஊறி மேலேற வேண்டிவரும். அதற்கு மிகுதியான நீர் வேண்டும். மிகுதியான நீர் என்பது மிகுதியான மிதிப்பு.

உழைப்பைச் சேமித்தல் மட்டும் காரணமன்று. உப்பும் ஒரு காரணம். சிறிதளவேனும் உவர் கலந்த கிணற்றுநீரை இறைக்கும்போது செடி நீரை உறிஞ்சுகின்றது, வெயில் நீரை ஆவியாக்குகின்றது, உப்பு மண்ணில் எஞ்சுகின்றது. தாழ்ந்த பாத்தியில் ஒவ்வோர் இறைப்பும் மேலிருந்து கீழாக இறங்கி, முன்னைய இறைப்பின் உப்பை வேருக்குக் கீழே தள்ளுகின்றது. உயர்ந்த பாத்தியிலோ இடைச்சாலில் நின்ற நீர் மண்ணின் நுண்டுளைகள் வழியே மேல்நோக்கி ஏறி உச்சியில் ஆவியாகின்றது. உப்பும் அதனோடு ஏறி உச்சியிலேயே, செடி நிற்கும் இடத்திலேயே படிகின்றது. சாலிட்டு நீர் பாய்ச்சும் நாடுகளில் வரப்பின் முகட்டில் வெண்மை பூப்பதை மண்ணியலாளர் விரிவாக ஆராய்ந்துள்ளனர். முகட்டின் நடுவை விடுத்துச் சரிவில் விதையிடுமாறு அவர்கள் கூறுவதும் இதனாலேயே. கரம்பொன்னிலோ மாரிமழை ஆண்டுதோறும் வந்து எஞ்சிய உப்பைக் கழுவிச் செல்லும்வரை, தாழ்ந்த பாத்தியே கோடைப்பயிரைக் காத்தது. மழை பொய்த்த ஆண்டின் மறு ஆண்டில் தோட்டம் வாடுவதற்குக் காரணம் நீர்க்குறை மட்டுமன்று, கழுவப்படாத உப்பும் ஆகும்.

பசளையிலும் இதே போக்கைக் காணலாம். தறையிலே சால் வெட்டிக் குழை தாழ்த்தினர். வேலியிற் கழித்த பூவரசங்குழை, வீட்டுக்கூரையிலிருந்து இறக்கிய பழைய பனையோலை, கரையில் ஒதுங்கிய சாதாளை ஆகியன மண்ணுக்குள் புதைக்கப்பட்டன. ஆடுமாடுகளைத் தறையிற் பட்டியடைத்து எருச் சேர்த்தனர். மேட்டுப்பாத்தி நூல்கள் கூறும் இலைமக்கும் எருவும் இங்கே நிலத்தின் கீழே சென்றன. அங்கே ஈரத்தைப் பிடித்து வைத்தன. கடலிலிருந்து வந்த சாதாளையை மழையிற் கிடக்கவிட்டு உப்பு நீங்கிய பின்னரே பயன்படுத்துதல் வேண்டும் என்பதும் அறிந்திருந்தனர். இதனை மரபறிவு என்று புகழ்ந்து நின்றுவிடுதல் இன்று ஒரு நாகரிகமாகிவிட்டது. அதற்கு இக்கட்டுரையாளர் உடன்படார். மரபு என்ற சொல் கூலியையும் சாதியையும் மறைக்கும் போர்வையாகப் பலமுறை பயன்பட்டிருக்கின்றது.

முதலாவதாக, இத்தோட்டம் ஆதியிலிருந்தே இருந்த ஒன்றன்று. மிளகாய், புகையிலை, மரவள்ளி ஆகியன அமெரிக்கக் கண்டத்துக்குரியவை. 16ஆம் நூற்றாண்டுக்கு முன்னர் அவை இங்கு இருந்திருக்க இயலாது. அதற்கு முன்பு மேட்டுநிலத்தில் வரகு, சாமை, குரக்கன், எள்ளு ஆகியன மழையை நம்பி விதைக்கப்பட்டன. அவற்றுக்குப் பாத்தியே வேண்டியதில்லை. போர்த்துக்கேயர் 1619 இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றினர்; 1658 இல் ஒல்லாந்தரும் 1795 இல் பிரித்தானியரும் வந்தனர். இக்காலப்பகுதியிலே புகையிலை பெருகி, கடல் கடந்து திருவிதாங்கூரிற் பெருஞ்சந்தை பெற்றது. ஊர்காவற்றுறைத் துறைமுகம் அவ்வணிகத்தோடு இணைந்து வளர்ந்தது. துலாவும் பாத்தியும் வாய்க்காலும் பழைய கருவிகளே. ஆனால் அவற்றை இத்துணை நெருக்கமாக, இத்துணை உழைப்பைச் செலுத்தி, பரப்புக் கணக்கில் இயக்கியது சந்தைக்கான உற்பத்தியே. சந்தைக்கு இலை வேண்டும். இலைக்கு நீர் வேண்டும். நீருக்கு ஆள் வேண்டும்.

அந்த ஆள் யார்? 1707 இல் ஒல்லாந்த அதிகாரியான கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமை இதற்கு ஒரு விடை தருகின்றது. அதில் அடிமைகள் பற்றிய பகுதி உண்டு. கோவியர், சாண்டார், பள்ளர், நளவர் என நான்கு பிரிவினர் அங்கே உடைமைப் பொருள்களாகக் குறிக்கப்படுகின்றனர். பிரித்தானியர் 1806 இல் இத்தொகுப்புக்குச் சட்டவலு அளித்தனர். அடிமைமுறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது 1844 இல். ஆனால் நிலம் பங்கிடப்படவில்லை; கிணறும் பங்கிடப்படவில்லை. நேற்று அடிமையாகத் துலா மிதித்தவர் இன்று கூலிக்கோ வாரத்துக்கோ அதே துலாவை மிதித்தார் என்பதே மாற்றம். தாம் மிதித்து இறைத்த கிணற்றில், தம் வீட்டுத் தேவைக்குத் தாமே அள்ளிக் குடிக்க உரிமை இல்லாதிருந்தோரும் அவருட் பலர். யாழ்ப்பாண உறுதிகளில் நிலத்தோடு கிணற்றுப்பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் சேர்த்து எழுதப்படுவதைக் காணலாம். பாத்தி பங்கிடப்பட்ட நீர் என்றோம். அப்பங்கீட்டில் இடம்பெறாதவரே அந்நீரை ஏற்றித் தந்தனர்.

தேசவழமையில் இன்னொரு விதியும் இங்கு கருதற்பாலது. ஒருவர் நிலத்தை விற்க முற்படின் உரித்தாளர், பங்காளர், அயற்காணிக்காரர், ஈடு பெற்றிருப்பவர் ஆகியோர் முந்தி வாங்கும் உரிமை உடையவர். பிறர் காணியில் மரம் நடுவோருக்கும் காணிக்காரருக்கும் பலனிற் பங்கு எவ்வாறு என்பதற்கும் அதில் விதி உண்டு. மரம் நட்டவருக்கு உரிமை உண்டு. பாத்தி கட்டியவருக்கு இல்லை. கத்தரியும் வெங்காயமும் ஒரு போகத்தோடு முடிவன. அவற்றுக்காக மண்ணில் இட்ட உழைப்பு காணிக்காரருக்கே எஞ்சும். குத்தகைக்காரர் ஆண்டுகள் கழித்துப் பயன்தரும் நிலையான மேட்டுப்பாத்தியைக் கட்டாததற்கு அறியாமையைக் காரணம் காட்டுவோர் இதனைச் சிந்தித்தல் வேண்டும். மேட்டுப்பாத்தி நிலையானது, மண்ணை ஓரிடத்திலிருந்து எடுத்து இன்னோரிடத்தில் ஏற்றுவது. எடுக்கும் மண்ணும் ஏற்றும் இடமும் தமதல்லாதவர் எதனை ஏற்றுவார்? தாழ்ந்த பாத்தியோ ஒரு நாட் காலையில் மண்வெட்டியால் வகுத்து, அறுவடை முடிந்ததும் கொத்திக் கலைத்துவிடக் கூடியது. நிலைத்த உரிமை இல்லாதவருக்கு ஏற்ற பாத்தி அதுவே.

சுதந்திரத்துக்குப் பின்னரான சட்டங்களும் இந்நிலையைத் தொடவில்லை. பிலிப் குணவர்த்தன கொண்டுவந்த 1958ஆம் ஆண்டு நெற்காணிச் சட்டம் வாரக்குடிகளுக்குப் பாதுகாப்பு அளிக்க முயன்ற முற்போக்கான சட்டம். ஆனால் அதன் பெயர் குறிப்பது போலவே அது நெல்வயலோடு நின்றது. தோட்டத்தறையிற் குத்தகைக்குப் பயிரிட்டவருக்கு அதில் இடமில்லை. 1972 இன் காணிச்சீர்திருத்தச் சட்டம் நெல்வயலுக்கு 25 ஏக்கரும் ஏனைய காணிக்கு 50 ஏக்கரும் உச்சவரம்பாக வைத்தது. 16 பரப்பு ஓர் ஏக்கர் என்ற கணக்கில், இரண்டு மூன்று பரப்பாகத் துண்டுபட்ட தீவகத் தோட்டங்களுக்கு அவ்வரம்பு எவ்வளவு தூரத்தில் நின்றது என்பதை வாசகரே கணித்துக்கொள்ளலாம். சிறுவுடைமை நிலவிய இடத்திற் சுரண்டல் இல்லை என்ற மயக்கத்துக்கும் அது இடங்கொடுத்தது.

வளவுக்குள் இருந்த பாத்திகளைப் பற்றி ஆவணங்கள் மௌனம் சாதிக்கின்றன. கிணற்றடி வாழையையும், அடுக்களைக் கழிவுநீரில் வளர்ந்த பயிற்றையையும் பாகலையும் பசளியையும் பேணியவர் பெண்கள். அங்கே சாம்பலும் குப்பையும் சேரச்சேர நிலம் தானாகவே உயர்ந்தது. நீர் வாய்க்காலால் வரவில்லை, குடத்தாலும் வாளியாலும் வந்தது. கையால் அள்ளி ஊற்றும் நீருக்குப் பாத்தி வாய்க்காலினும் தாழ்ந்திருக்க வேண்டிய கட்டாயமில்லை. மேட்டுப்பாத்தி தீவகத்தில் உண்மையாகவே வாழ்ந்த இடம் இதுதான் எனலாம். விற்பனைக்கு வராததால் அது வருமானக் கணக்கில் ஏறவில்லை. வருமானக் கணக்கில் ஏறாததால் வரலாற்றிலும் ஏறவில்லை.

பிற நாடுகளை நோக்கினும் நீரே உயரத்தைத் தீர்மானித்தமை தெளிவாகும். மெக்சிக்கோப் பள்ளத்தாக்கின் ஆழங்குறைந்த ஏரிகளில், சேற்றை அள்ளிக் குவித்து அமைத்த சினாம்பாத் தோட்டங்கள் உலகின் புகழ்பெற்ற மேட்டுப்பாத்திகள். அங்கு நான்கு புறமும் நீர். கேரளத்துக் குட்டநாட்டிலும் தாழ்ந்த நீர்நிலத்தில் வரப்பை உயர்த்தித் தென்னை வைத்தனர். மறுபுறத்தில், நியூ மெக்சிக்கோவின் வறள்நிலத்தில் வாழும் சூனி மக்கள் சிறு சதுரப் பள்ளங்களைச் சுற்றி மண்வரம்பு கட்டிக் குடத்தால் நீரூற்றிக் காய்கறி வளர்த்தனர். தீவகத்துக்கு மிக நெருங்கிய ஒப்புமை பசிபிக் சமுத்திரத்துக் கிரிபாட்டித் தீவுகளிலே காணப்படுகின்றது. பவளத்தீவுகளான அவற்றிலும் உவர்நீரின் மேல் மெல்லிய நன்னீர்ப் படலமே உண்டு. அம்மக்கள் அப்படலத்தைத் தொடும்வரை குழி அகழ்ந்து, குழியினுள் இலைக்குப்பை இட்டுக் கிழங்கை நட்டனர். ஒருவரையொருவர் அறியாத இரு கடல்களின் உழவர் ஒரே நிலவியலுக்கு ஒரே திசையில், கீழ்நோக்கி, விடை கண்டனர். இன்றைய மேட்டுப்பாத்தி நூல்களின் மூலமோ வேறு. 19ஆம் நூற்றாண்டுப் பாரிஸ் நகர்ப்புறத் தோட்டக்காரரின் எருமிகு பாத்திமுறை, 1967 இல் அலன் சட்விக் என்பவரால் கலிபோர்னியாவின் சாந்தா குரூசில் நிறுவப்பட்டு, 1974 இல் ஜோன் ஜீவன்ஸ் எழுதிய நூலால் உலகெங்கும் பரவியது. ஈரமும் குளிரும் மிக்க நாடுகளில் உயர்த்திய மண் வசந்தத்தில் விரைவாக வடிந்து வெப்பமடைகின்றது. கனடாவிற் குடியேறிய தீவகத்தார் வீட்டின் பின்புறத்தில் மரச்சட்டம் அடித்து உயர்த்திய பாத்தியிற் கத்தரியும் மிளகாயும் நடுவது ஆகவே அறிவுடைமை. அதே சட்டத்தை விடுமுறைக்கு வந்த இடத்திற் பங்குனி வெயிலில் அடித்துக் காட்டுவது வேறு.

தாழ்ந்த பாத்தியை இவ்வாறு கூறியதாற் குறையற்றதாகக் கொள்ளல் ஆகாது. 1950கள் முதல் மண்ணெண்ணெயால் இயங்கும் இறைப்பு இயந்திரங்கள் துலாவின் இடத்தைப் பெற்றன. துலா மிதித்தோரின் முதுகெலும்பை அவை காத்தன; அதனை இழப்பாகக் கருதிப் புலம்புவோர் ஒருபோதும் துலா மிதித்திராதவர். ஆயினும் துலா இறைப்புக்கு மனித உடலே எல்லை வகுத்திருந்தது. இயந்திரத்துக்கு எண்ணெயின் விலையே எல்லை. 1970 இற் பதவியேற்ற ஐக்கிய முன்னணி அரசாங்கம் மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு ஆகியவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது யாழ்ப்பாணத் தோட்டக்காரர் பெரும் பயனடைந்தனர்; 1977க்குப் பின்னர் வந்த திறந்த பொருளாதாரம் அப்பயனைப் பறித்தது. நல்ல விலை நிலவிய ஆண்டுகளில் நீர் தாராளமாக இறைக்கப்பட்டது. பாத்தி நிரம்பி வழியும்வரை பாய்ச்சுவதற்குத் தாழ்ந்த அமைப்பு இடங்கொடுத்தது. இறைப்பு மிகுந்த கிணறுகளில் உவர் மேலேறியது. மிகையாக இட்ட உரத்தின் நைத்திரேற்று நிலத்தடி நீரிற் கலந்தது. சொட்டுநீர்க் குழாயும் நிலமூடாக்கும் சேர்ந்தால், ஆவியாதல் குறைந்து, மேட்டுப்பாத்தியின் உப்புக் குற்றம் பெரிதும் தணியும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அவற்றுக்கு முதல் வேண்டும். முதலிடுபவருக்கு நிலம் வேண்டும்.

1990 ஆகஸ்டில் இராணுவ நடவடிக்கைகள் தொடங்கியதைத் தொடர்ந்து தீவகத்து மக்கள் பெருந்தொகையாக வெளியேறினர். குடாநாட்டுக்கும் வன்னிக்கும் கொழும்புக்கும், பின்னர் பாரிசுக்கும் தொறொன்ரோவுக்கும் சென்றோர் பலர் மீளவில்லை. குடாநாட்டில் பொருளாதாரத் தடை நிலவிய அவ்வாண்டுகளில் மண்ணெண்ணெய் கிடைக்காமற் பழைய துலாவை மீண்டும் நட்டோர் உண்டு. தீவகத்திலோ மிதிப்பாரும் இல்லை. பயிர் நின்ற தறைகள் கரம்பாயின. அத்தகைய தறையில் மாரிப்புல் முளைத்தபின் சென்று பார்த்தால், கலைந்துபோன பாத்திகளின் சுவடு தெரியாது. வாய்க்கால் சென்ற மேடு மட்டும் புல்லுக்கிடையே நேர்கோடாகத் தெரியும். உறுதியில் எழுதிய வழிவாய்க்கால் உரிமைக்கு நிலத்தில் எஞ்சிய சான்று அது.

இன்று அத்தறைகளிற் சில மீண்டும் கொத்தப்படுகின்றன. கொத்துபவர் பலவேளை காணிக்காரர் அல்லர். காணிக்காரர் கடல் கடந்து இருப்பவர், அல்லது இறந்து அவர் பிள்ளைகள் நால்வர் நான்கு நாடுகளில் இருப்பவர். 1871ஆம் ஆண்டின் கட்டளைச்சட்டப்படி பத்தாண்டு எதிர்ப்பின்றி ஆண்டு அனுபவித்தவர் காணிக்கு உரிமை கோரலாம். போராற் பிரிந்தோரின் காணி இவ்வாறு பறிபோகாதிருக்க, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலம் அக்கணக்கிற் சேராதவாறு 2016 இல் விசேட சட்டமொன்று இயற்றப்பட்டது. இடம்பெயர்ந்தோருக்கு அது நீதியான பாதுகாப்பு. அதனை எவரும் குறைகூற இயலாது. ஆனால் அன்றும் காணியின்றி இருந்து, இன்றும் காணியின்றி இருப்பவருக்கு அச்சட்டத்தில் ஒன்றுமில்லை. ஆண்டுகள் சென்றால் உரிமை கோருவாரோ என்னும் அச்சத்தினால், எழுத்தில் எதுவும் தராமல், ஒரு போகத்துக்கு மட்டும் என்று தொலைபேசியிற் கூறித் தறையை விடும் காணிக்காரரும் உண்டு. அவ்வாறு தறை பெற்றவரிடம் சென்று, கற்கட்டி மேட்டுப்பாத்தி அமையுங்கள், மூன்றாம் ஆண்டில் மண் பொன்னாகும் என்று கூறும் கையேட்டுக்கு அவர் என்ன விடை கூறுவார்? அவர் தை மாதத்தில் வாய்க்காலைத் திருத்துகின்றார், தாழ்ந்த பாத்தி வகுக்கின்றார், வெங்காயத்தை நடுகின்றார். சித்திரை முடியுமுன் பிடுங்கி எடுத்து, வரம்புகளைக் கொத்தித் தறையை மட்டமாக்கி, படலையைச் சாத்திவிட்டுச் செல்கின்றார்.